ராமநாதபுரம் கோர்ட்டுப் பக்கத்து வக்கீல் ஆபீஸ்: 5-க்கு 3½

பெரியப்பாவின் வல்லத்தை (மீன்பிடிப் படகு) என் பேருக்கு மாற்ற அஃபிடவிட் தேவைப்பட்டது, பாம்பனில் காலை பஸ் பிடித்துப் போனேன். ஆபீஸ் ஒரே அறை, காத்திருப்பு இரண்டு மணி நேரம், ஃபேன் சுத்தமாக ஓடவில்லை.

ஆனால் வக்கீல் ஐயா பேச்சு ஒன்றுக்கே போகலாம். "பாம்பனா தம்பி?" என்று கேட்டவர் லிங்கன் கதையை எடுத்துவிட்டார். கல்லூரி வாசல் மிதிக்காமல் தானே படித்து 1836-ல் வக்கீலானவர், அதற்கு முன்பே 1834-ல் இலினாய் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், அங்கே நான்கு முறை. 1856-ல் மிசிசிப்பி ஆற்றில் ஒரு நீராவிப் படகு ரயில் பாலத்தில் மோதி எரிந்துபோக, படகுக்காரர் போட்ட கேஸில் லிங்கன் நின்றது பாலத்துக்காரர் பக்கம்! நம்ம பாம்பன் பாலம் மாதிரி அதிலும் திறந்து வழிவிடும் பகுதி உண்டாம். ஜூரிகள் ஒத்துப்போகாததால் தீர்ப்பே வரவில்லை. எனக்கென்னவோ மனசு படகுக்காரர் பக்கம்தான் போனது.

சரி, வேலைக்கு வருவோம். கையெழுத்துக்கு முன் முழுதும் வாசித்துக் காட்டினார், கட்டணமும் நியாயம். டைப்பிஸ்ட் வல்லத்தின் எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டார், அதை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். திரும்ப ஒரு பஸ் செலவு.