கோனோவீடரா, பவர் வீடரா? களை எடுக்கும் பெண்களின் பக்கம் நின்று ஓர் ஒப்பீடு

நெல் வயலில் களை எடுப்பது பெரும்பாலும் பெண்கள் வேலை. நாள் முழுக்கக் குனிந்தே செய்கிற வேலை. அந்தக் குனிவை நிமிர்த்த ஒரு கருவி வேண்டும் என்பதில் எங்கள் பெண்கள் குழுவில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கையால் தள்ளும் கோனோவீடரா, பெட்ரோலில் ஓடும் பவர் வீடரா என்பதில்தான் பேச்சு நீண்டது. பவர் வீடரை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்தோம். பிறகு கோனோவீடரையே வாங்கினோம். இன்னொரு முறை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

வேகத்தில் பவர் வீடரை அடித்துக்கொள்ள முடியாது. எடையில் கோனோவீடர் இலகு: ஏறத்தாழ 6 முதல் 8 கிலோ. எஞ்சின் வைத்தவை பெரும்பாலும் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும். வரப்பு தாண்டித் தூக்கிப்போகும்போது அது தெரியும். புகை, இரைச்சல், கை அதிர்வு பற்றி விளக்க வேண்டியதில்லை. இரண்டுக்குமே வரிசை நடவு கட்டாயம். கைபோன போக்கில் நட்ட வயலில் இரண்டும் உதவாது.

கோனோவீடரை வடிவமைத்தது பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம். முன்னால் ஒரு மிதவை, பின்னால் பல் வைத்த இரண்டு கூம்பு உருளைகள். தள்ளி இழுக்கும்போது உருளைகள் களையைப் பிடுங்கிச் சேற்றுக்குள்ளேயே அமுக்கிவிடும். களை அங்கேயே மட்கி உரமாகிறது. சேறு கிளறப்படுவதால் வேருக்குக் காற்றும் போகிறது. மடகாஸ்கரில் ஹென்றி டி லோலானியே என்ற பாதிரியார் உருவாக்கிய திருந்திய நெல் சாகுபடியில், 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டு, குறுக்கும் நெடுக்கும் வீடர் ஓட்டச் சொல்வது இதற்காகத்தான். களைக்கொல்லி தெளித்தாலும் களை சாகும். ஆனால் இந்த மண் கிளறல் கிடைக்காது. நெல்லில் ஓட்டும் பவர் வீடரும் இதே வேலையைத்தான் செய்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். வேலை நடக்கும் நாட்களைவிட, வேலை இல்லாத மாதங்களில் கருவிக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். களைக்கருவி ஒரு போகத்தில் சில வாரங்களே ஓடும். மீதி நாளெல்லாம் மூலையில் கிடக்கும். பெட்ரோலை டேங்கில் விட்டபடி வைத்தால், ஆவியானது போக, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரில் பிசின்போல ஒன்று படிந்து நுண்துளையை அடைத்துக்கொள்ளும். அடுத்த போகத்தில் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் எஞ்சின் கிளம்பாது. டேங்கை வடித்துவிட்டு, மிச்சமிருப்பது தீரும்வரை ஓட்டி அணைத்து வைத்தால் இதைத் தவிர்க்கலாம். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினாக இருந்தால் பெட்ரோலில் ஆயில் கலக்கும் அளவும் தவறக் கூடாது. எஞ்சினைப் பொறுத்து அது 25 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் முதல் 50-க்கு 1 வரை மாறும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும், கூடினால் தீப்பொறி தரும் பிளக் கரி பிடிக்கும்.

இவை எதுவும் பெண்களால் ஆகாத வேலை இல்லை. ஆனால் கருவி விற்பவர்கள் இதையெல்லாம் வீட்டு ஆண்களிடம்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். பழுது வந்தால் மெக்கானிக்கிடம் தூக்கிப்போக வண்டி வேண்டும், அந்த வண்டியும் சாவியும் பெரும்பாலும் ஆண்கள் கையில். களைக்கோ பருவம் உண்டு. பத்து நாள் தள்ளிப்போனால் பயிரை அமுக்கிவிடும். மெல்ல மெல்ல ஓட்டுவதும் ஆண், வாடகை வாங்குவதும் ஆண் என்றாகி, பெண்கள் பெயரில் வந்த கருவி கைமாறிப்போகிறது. ஆண்களுக்கு நிகரான வளங்கள் பெண்களுக்கும் கிடைத்தால் அவர்கள் நிலத்தின் விளைச்சல் 20 முதல் 30 சதவீதம் வரை கூடலாம் என்று ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் 2011-இல் கணக்கிட்டது. கருவியை நினைத்த நேரத்தில் எடுக்க முடிவதும் பழுது பார்க்க முடிவதும் சேர்ந்ததுதான் வளம் என்பேன்.

கோனோவீடரில் தேய்வது உருளையின் புஷ்ஷும் (அச்சில் உருளை சுழல உதவும் வளையம்) பல்லும். போகம் முடிந்ததும் சேற்றைக் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவி மாட்டிவைத்தால் போதும். பல் தேய்ந்தாலோ கைப்பிடி விட்டாலோ எந்த வெல்டிங் பட்டறையிலும் சரிசெய்துகொள்ளலாம். அசல் பாகத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இதற்கும் குறைகள் உண்டு. தள்ளத் தெம்பு வேண்டும். கெட்டிக் களிமண்ணில் ஒரே ஆள் நெடுநேரம் தள்ளினால் தோள் விட்டுப்போகும். நாங்கள் மாற்றி மாற்றித் தள்ளுகிறோம். இடுப்பு வலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தொடவே வேண்டாம். வயலில் விரற்கடை அளவாவது தண்ணீர் நிற்க வேண்டும். காய்ந்த சேற்றில் உருளை சுற்றாது. பரப்பு பெரிதாகி, ஆள் கிடைக்காத இடத்தில் பவர் வீடர்தான் சரி. அப்படியானால் குழுவில் இரண்டு பெண்களாவது பிளக் கழற்றவும் கார்புரேட்டர் துடைக்கவும் கற்ற பிறகே பணம் கட்டுங்கள். நான் சொல்வது எல்லாம் நெல் வயல் அனுபவம். புன்செய்ப் பயிருக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பேட்டரி வீடரை ஓட்டிப் பார்த்ததோடு சரி. கயிறு இழுக்கிற பாடு இல்லாதது பிடித்திருந்தது. பேட்டரி எத்தனை போகம் தாங்கும் என்று சொல்கிற அளவுக்குப் பழக்கம் இல்லை.

எதை வாங்கினாலும் கைப்பிடி உயரத்தை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். பல கருவிகள் ஆண்களின் உயரத்துக்கே வருகின்றன. குழுவில் இருப்பதிலேயே குள்ளமானவரைச் சேற்றில் இறக்கித் தள்ளவைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.