காரைக்குடியில் ஒரு கிளினிக்: புதிய சர்க்கரை மாத்திரைகளை எழுதும் முறை

காரைக்குடியில் நாங்கள் அப்பச்சியை, அதாவது என் அப்பாவை, அழைத்துச் செல்லும் கிளினிக் மிகச் சிறியது. ஒரு பொது மருத்துவர், ஒரு செவிலியர், இரத்தம் எடுக்க ஓர் அறை, அவ்வளவுதான். ஆனால் சர்க்கரை நோய்க்கு வந்திருக்கும் புதிய மருந்துகளை யாருக்கு, எதற்காக, எந்த அளவில் எழுதுவது என்பதில் அங்கே காட்டப்படும் கவனத்தை நான் பெரிய மருத்துவமனைகளிலும் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

இந்தக் கவனம் இப்போது மிகவும் தேவைப்படுகிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய புதிய சர்க்கரை மாத்திரைகள் விலை காரணமாகவே முன்பு நம் பக்கத்து மருந்துச் சீட்டுகளில் அபூர்வமாக இருந்தன. முதல் மருந்தின் காப்புரிமை 2020-லும் மற்றதன் காப்புரிமை 2025 மார்ச்சிலும் இந்தியாவில் முடிந்தபின் பல நிறுவனங்கள் அவற்றைத் தயாரிக்கத் தொடங்கின. விலை பல மடங்கு இறங்கியது. எளிதாகக் கிடைக்கும் மருந்தை யோசிக்காமல் எழுதிவிடும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது.

இந்த மருத்துவர் அப்படி எழுதுவதில்லை. இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியோடு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் சிறுநீரில் வெளியேறும் ஆல்புமின் என்ற புரதத்தையும் பார்த்த பிறகுதான் பேனாவை எடுக்கிறார். அப்பச்சி வெகுகாலமாக மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்ற பழைய சர்க்கரை மாத்திரைகளைச் சாப்பிட்டு வந்தார். சர்க்கரை ஓரளவு கட்டுக்குள்தான் இருந்தது. ஆயினும் ஆல்புமின் கூடியிருப்பதைக் கண்டு டாபாகிளிஃப்ளோசினைச் சேர்த்தபோது, "இது சர்க்கரைக்கு மட்டும் இல்லைங்க ஐயா, உங்க கிட்னிக்கும் சேர்த்துத்தான்" என்று காரணத்தையும் சொன்னார். 2015-இல் வெளியான எம்பாகிளிஃப்ளோசின் ஆய்வில், ஏற்கெனவே இதய நோய் உள்ள சர்க்கரை நோயாளிகளிடையே இதய, இரத்தக்குழாய்ச் சாவுகள் 38 சதவீதம் குறைந்தன. டாபாகிளிஃப்ளோசின் சிறுநீரகம் பழுதடைவதைத் தாமதப்படுத்துகிறது என்பதை 2020-இல் வெளியான மற்றொரு பெரிய ஆய்வு காட்டியது. டெனிலிகிளிப்டின் போன்ற மலிவான சர்க்கரை மாத்திரைகளுக்கு இத்தகைய பாதுகாப்பு நிறுவப்படவில்லை. வெறும் சர்க்கரை எண்ணை மட்டும் பார்த்து மருந்து எழுதினால் இந்த வேறுபாடு கண்ணிலேயே படாது. புதிய மாத்திரையைச் சேர்த்த அன்றே, சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக் கூடாது என்று கிளிமிபிரைடைப் பாதியாகக் குறைத்ததும் எனக்கு மிகுந்த நம்பிக்கையைக் கொடுத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் தரும் எச்சரிக்கைகள். இந்த மாத்திரை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம் என்பதை, ஆண், பெண் யாராயினும் கூச்சப்படாமல் கேட்கும்படி செவிலியரைக் கொண்டு தனியே சொல்ல வைக்கிறார். சிறுநீர்ச் சோதனையில் இனிச் சர்க்கரை இருப்பதாகவே காட்டும், அதைக் கண்டு பதற வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடப்பவர்கள் நம் ஊர்களில் ஏராளம். அப்பச்சியும் நடக்க வேண்டும் என்றபோது அவர் தடுக்கவில்லை. வெயிலில் உடலின் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து சாப்பிட முடியாமல் போனால் டாபாகிளிஃப்ளோசினை நிறுத்திவிட்டு உடனே தமக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த நிலையில் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் இரத்தத்தில் சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகலாம் என்று பொறுமையாக விளக்கினார். அறுவைச் சிகிச்சை எதுவானாலும் குறைந்தது 3 நாட்களுக்கு முன்பே இதை நிறுத்த வேண்டும் என்றும் சொன்னார். பிறகு அப்பச்சியின் உள்ளங்காலைத் தொட்டு உணர்ச்சியைச் சோதித்து, வெறுங்காலோடு நடக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆனால் இவ்வளவும் வாய்ச்சொல்லாகவே நின்றுவிடுகிறது. எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், வீட்டில் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் காய்ச்சல் கண்டால், எந்த மாத்திரையை நிறுத்துவது என்பதை எப்படி நினைவில் வைத்திருப்பார்? பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்தால் போதும்; அதை இன்னும் செய்யாதது இந்தக் கிளினிக்கின் பெரிய குறை என்றே கருதுகிறேன்.

அடுத்த குறை மருந்துக் கடை பற்றியது. மருத்துவர் மருந்துகளைத் தனித்தனியே எழுதியிருந்தும், ஒட்டியுள்ள கடையில் ஒருமுறை மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரையை எடுத்துக் கொடுத்தார்கள். விழுங்குவதற்கு ஒரே மாத்திரை எளிது என்பது உண்மைதான். ஆனால் காய்ச்சல் நாளில் அதில் ஒன்றை மட்டும் நிறுத்த வழியில்லை, ஒன்றின் அளவை மட்டும் குறைக்கவும் முடியாது. மருத்துவரிடம் காட்டியதும் அவரே கடைக்குப் பேசி மாற்றித் தரச் செய்தார். நோயாளி கேட்காவிட்டால் இது தெரியாமலேயே போயிருக்கும்.

உடல் எடையைக் குறைக்கும் ஊசிகளைப் பற்றியும் அங்கே இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். டிர்செபடைடு என்ற ஊசி 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது முதல் இந்த ஆர்வம் பெருகியிருக்கிறது. என் தங்கை கேட்டபோது மருத்துவர், கணைய அழற்சி வந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்ததா என்று விசாரித்தார். எடையோடு தசையும் குறையும் என்பதையும், ஊசியை நிறுத்தினால் எடை திரும்பக்கூடும் என்பதையும் சொல்லி, முதலில் மூன்று மாதம் உணவையும் நடையையும் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார். தங்கைக்கு வருத்தம், எனக்கு அது சரியாகவே பட்டது.

மாலையில் கூட்டம் அதிகம், ஒன்றரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். காலையில் செல்வது நல்லது. பழைய சீட்டுகளையும் சோதனை முடிவுகளையும் கொண்டு சென்றால் அவர் தேவையின்றி மறுபடி சோதிக்கச் சொல்வதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கு வரும் மெட்ஃபார்மினை வாங்கிக்கொண்டு, புதிய மருந்தை மட்டும் வெளியில் வாங்கினால் போதும் என்று அவரே சொல்கிறார். மாதச் செலவுக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்கள் தயங்காமல் அவரிடம் செல்லலாம்.