பக்கத்து வீட்டு வைஃபையைத் திட்டியே ஒரு வருஷம் போச்சு

மூன்று வருஷத்துக்கு முன்னால் வீட்டில் கதவுக்கு, நடமாட்டத்துக்கு, சிங்குக்கு அடியில் தண்ணீர் கசிந்தால் சொல்வதற்கு என்று மொத்தம் 14 சென்சார் வைத்தேன். எல்லாமே சிக்பீ, அதாவது சின்னச் சாதனங்கள் கொஞ்சம் பேட்டரியிலேயே வயரில்லாமல் பேசிக்கொள்கிற முறை. கீழ்வீட்டில் அம்மாவும் அப்பாவும் தனியாக இருக்கும் நேரம் அதிகம். கொல்லைக் கதவு திறந்தால் மாடியில் எங்களுக்குத் தெரிய வேண்டும், ராத்திரியென்றால் சைரன் அடிக்க வேண்டும். தேவை அவ்வளவுதான்.

முதல் வருஷம் படாத பாடு. கொல்லைக் கதவு சென்சார் வாரத்துக்கு இரண்டு தடவையாவது காணாமல் போகும். நான் வேறு அதிபுத்திசாலித்தனமாக, சென்சார் பேசவில்லை என்றால் யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று கணக்குப் பண்ணி, அதற்கும் சைரன் அடிக்க வைத்திருந்தேன். ஒரு ராத்திரி இரண்டரை மணிக்கு அலறியது. அப்பா டார்ச்சோடு வெளியே வர, எதிர்வீட்டு மாமா கம்போடு வந்து நின்றார். "திருடன் வந்தாக்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்டா" என்றார் அம்மா. அப்புறம் ஒரு மாசம் சைரனை மாட்ட விடவில்லை.

பழியை அக்கம்பக்கத்து வைஃபை மேல் போட்டேன். போனில் பார்த்தால் 11 நெட்வொர்க் தெரிந்தது, சந்தேகப்படாமல் என்ன செய்வது? சிக்பீயும் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகின்றன. வைஃபை ஒரு சேனலுக்கு 20 மெகாஹெர்ட்ஸ் எடுத்துக்கொள்ளும், சிக்பீக்கு 2 போதும். லாரி போகிற ரோட்டில் சைக்கிள் விடுகிற கதை. அதிலும் என் சிக்பீ முதலில் 11ஆம் சேனலில் இருந்தது, அதாவது 2405 மெகாஹெர்ட்ஸ். வைஃபையின் 1ஆம் சேனல் நேராக அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் சேனல் எண்கள் வேறு வேறு கணக்கு என்பதே எனக்கு அப்போது தெரியாது. வைஃபை 11ஐத் தவிர்த்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

உண்மையான குற்றவாளி என் மேசை மேலேயே இருந்தது. சென்சார்களின் சேதியை வாங்குகிற யுஎஸ்பி குச்சியான சிக்பீ டாங்கிளைக் கணினியில் நேராகச் செருகியிருந்தேன். அதற்கு அடுத்த நீல நிற யுஎஸ்பி 3.0 துளையில் பேக்கப் ஹார்ட் டிஸ்க். ஒரு நாள் டிஸ்க்கை வேறு வேலைக்காகக் கழற்றினேன். முப்பதுகளில் கிடந்த கொல்லைக் கதவின் சிக்னல் எண் (கூடினால் நல்லது) கொஞ்ச நேரத்தில் 110ஐத் தாண்டியது. திரும்பச் செருகினேன், இறங்கியது. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அதேதான். யுஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கக்கும் என்று இன்டெல் 2012லேயே எழுதி வைத்திருக்கிறது. நான்தான் படிக்கவில்லை. ஒன்றரை மீட்டர் யுஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி, டாங்கிளைக் கதவு நிலைக்கு மேலே ஏற்றினேன். பாதிப் பிரச்சினை அதோடு தீர்ந்தது. இந்த மொத்த அமைப்பிலேயே ஆக மலிவான சாமான் அந்த ஒயர்தான்.

அதற்குப் பிறகுதான் சேனல் பக்கம் போனேன். ரவுட்டரில் 'ஆட்டோ'வை எடுத்துவிட்டு 1ஆம் சேனல், 20 மெகாஹெர்ட்ஸ் என்று கட்டிப்போட்டேன். சிக்பீயை 25க்கு மாற்றினேன். 26 இன்னும் ஒதுக்குப்புறம்தான், ஆனால் சில சாதனங்கள் அங்கே சக்தியைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் வேண்டாம் என்று விட்டேன். சேனல் மாற்றுவது லேசான வேலை இல்லை. கரண்டில் ஓடும் ஸ்மார்ட் பிளக்குகள் தானாக வந்து சேர்ந்தன, பேட்டரி சென்சார்களில் ஒன்பதை ஏணி போட்டு ஏறி மறுபடி இணைக்க வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது. புதிதாக வைக்கிறவர்கள் முதல் சென்சாரை இணைப்பதற்கு முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள்.

நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு: கரண்ட் கட். பேட்டரி சென்சார்கள் மற்றதன் சேதியைக் கடத்துவதில்லை, நடுவில் இருக்கிற ஸ்மார்ட் பிளக்குகள்தான் கைமாற்றி விடுகின்றன. கரண்ட் போனால் பிளக்கும் போச்சு, அதை நம்பியிருந்த சென்சார்களும் அநாதை. சில சென்சார்கள் வேறு வழி தேடவே மணிக்கணக்காக எடுத்துக்கொள்கின்றன. இப்போது இரண்டு பிளக்குகளை இன்வெர்ட்டர் லைனில் மாட்டியிருக்கிறேன். போன வருஷம் மே மாசம் நாள் தவறாமல் கரண்ட் போனபோதும் ஒரு சென்சாரும் விழவில்லை.

சைரனுக்கு மட்டும் வயர் இழுத்துவிட்டேன். அதற்கு முன்னால் 433 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மலிவான சைரன் ஒன்று வைத்திருந்தேன். அனுப்பிய கட்டளை அதன் காதில் விழுந்ததா என்று தெரிந்துகொள்ளவே வழியில்லை. அலாரத்தில் அந்த மாதிரிச் சாமான் ஆகாது என்பது என் கட்சி. சென்சார் இரண்டு மணி நேரம் பேசாவிட்டால் இப்போது என் போனுக்கு ஒரு சேதி மட்டும் வரும், சைரன் வாய் திறக்காது.

இன்னும் அடங்காதது மொட்டைமாடித் தொட்டி சென்சார் ஒன்றுதான். நடுவில் கான்கிரீட் தளம், அப்புறம் மாடிக்கதவின் இரும்புத் தகடு. மாடிப்படி முக்கில் ஒரு பிளக் பாயிண்ட் கிடைத்தால் சரியாகிவிடும். எலக்ட்ரீஷியன் அண்ணன் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி மூன்று வாரம் ஆகிறது.