இஃபா தட்டு: வேலைப்பாடு விளிம்பில், வேலை நடுவில்

நைஜீரியாவின் யோருபா மக்களுக்குக் குறி பார்த்துச் சொல்பவர் பாபலாவோ. இஃபா என்ற குறி முறைக்கு அவர் கையாளும் ஓப்போன் இஃபா தட்டு இப்போது முழு செட்டாகவே விற்பனைக்கு வருகிறது: 35 செ.மீ. வட்ட மரத்தட்டு, அதைத் தட்டிக் குறியின் தெய்வமான ஒருன்மிலாவை அழைக்கும் இரோக்கே என்ற கோல், இகின் எனப்படும் 16 பனங்கொட்டைகள், ஒரு பொட்டலம் பொடி.

விளிம்புச் செதுக்கலில் குறையே இல்லை. தூது தெய்வமான எஷுவின் முகம் எடுப்பாக இருக்கிறது. பாபலாவோவுக்கு எதிர்ப்பக்கமாக, அவரைப் பார்த்தபடி அந்த முகம் அமைய வேண்டும். கோளாறு நடுப்பகுதியில்தான், அங்கே வார்னிஷ் அடித்துவிட்டார்கள்.

குறி பார்ப்பது, பொடி தூவிய அந்த நடுவில்தான். ஒரு கையில் உள்ள 16 கொட்டைகளை மறு கையால் ஒரே பிடியில் அள்ள வேண்டும். ஒன்று மிஞ்சினால் பொடியில் இரண்டு கோடு, இரண்டு மிஞ்சினால் ஒரு கோடு. ஒன்றுமே மிஞ்சாவிட்டாலும், இரண்டுக்கு மேல் மிஞ்சினாலும் அந்தப் பிடி கணக்கில் சேராது. வலப்பக்கம் நான்கு, இடப்பக்கம் நான்கு என எட்டு இடமும் நிரம்பினால் ஒடு எனப்படும் 256 குறி வடிவங்களில் ஒன்று கிடைக்கும். வார்னிஷ் மேல் பொடி நிற்பதில்லை; விரல் பட்டதும் ஒதுங்கி, ஒரு கோடா இரண்டா என்பதே மங்கிவிடுகிறது. ஒரு கோட்டை மாற்றிப் படித்தால் ஒடு மாறும், பாட வேண்டிய பாடல் மாறும், செலுத்த வேண்டிய பலியும் மாறும். ஜெர்மனியின் உல்ம் அருங்காட்சியகத்தில் உள்ள 17ஆம் நூற்றாண்டுத் தட்டைப் பாருங்கள்: விளிம்பில் உருவங்கள் நெருக்கியடிக்கின்றன, நடுவில் ஒரு கீறல் வேலைப்பாடுகூடக் கிடையாது.

நடுப்பகுதியை மட்டும் நைஸ் உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷை எடுத்துவிடலாம். விளிம்பைத் தொட வேண்டாம்.

பொட்டலத்தில் இருப்பது கரடான சிவப்புத் தூள். தட்டில் தூவ வேண்டியது இயெரோசுன்; அது பூச்சி அரித்த இரோசுன் மரத்தின் மங்கிய மஞ்சள் பொடி, மாவுபோல நைசாக இருக்கும். அதைத் தனியாக வாங்குவதே சரி.

கொட்டைகளைக் கண் எண்ணிப் பார்த்து வாங்குங்கள். சாதாரண எண்ணெய்ப்பனைக் கொட்டையில், தேங்காயில் இருப்பதுபோல, மூன்று கண். இகினுக்குக் குறைந்தது நான்கு கண் வேண்டும். இந்த செட்டில் ஐந்து கொட்டைகள் மூன்று கண்ணோடு வந்தன. அவற்றை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

இரோக்கே நன்றாக இருக்கிறது. மண்டியிட்ட பெண் உருவம், கூரிய முனை, கைக்கு அடக்கமான கனம். பழையவை பல தந்தத்தில் ஆனவை. மரமே போதும், தந்தம் வேண்டவே வேண்டாம்.

'சடங்கு செய்து முடித்த இகின்' என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தச் சடங்கை, இன்னாருக்கென்று ஒரு பாபலாவோதான் செய்து தர வேண்டும். கடை அலமாரியில் அதைச் செய்து வைக்க முடியாது.