மோட்டார் ரீவைண்டிங்குக்கு வாங்கின எனாமல் காப்பர் கம்பி: கம்பி அருமை, லேபிள் தான் ஏமாத்திடுச்சு

சின்ன டிசி மோட்டார் ரீவைண்ட் பண்றதுக்காக, அதாவது உள்ள இருக்கிற கம்பியைப் பிரிச்சுட்டு புதுசா சுத்துறதுக்காக, ஆன்லைன்ல ரெண்டு ஸ்பூல் எனாமல் காப்பர் கம்பி வாங்கினேன், மொதல்ல 36 கேஜ் (கேஜ்னா கம்பி தடிமனைச் சொல்ற நம்பர், நம்பர் கூடினா கம்பி மெலிசு), அது சரிப்படாம போய் அப்புறம் 40 கேஜ். ரெண்டையும் மோட்டார்ல சுத்திப் பாத்துட்டு தான் எழுதுறேன். இதே வேலைக்கு வாங்கப் போறவங்க ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

எனக்கு வேண்டியது இது தான். பொம்மைக் கார்ல எல்லாம் வருமே, 130 சைஸ் மோட்டார், அது 3 வோல்ட்டுக்கு செஞ்சது. என்கிட்ட இருக்கிற பேட்டரி 6 வோல்ட். அப்படியே குடுத்தா கிட்டத்தட்ட டபுள் ஸ்பீடுல ஓடுது, பிரஷ்ல (சுழலுற பாகத்தைத் தொட்டு கரண்ட் குடுக்கிற முனை) பொறி பறக்குது, கியர் கத்துது. 6 வோல்ட்டுல பழைய 3 வோல்ட் ஸ்பீடு வரணும்.

இதுக்கு கணக்கு ரொம்ப சிம்பிள் தான். ஆர்மேச்சர் (மோட்டாருக்குள்ள கம்பி சுத்தியிருக்கிற, சுழலுற பாகம்) சுத்தும்போது அதுவே ஒரு எதிர் வோல்டேஜை உண்டாக்கும், அந்த வோல்டேஜ் பேட்டரி வோல்டேஜுக்கு கிட்ட வர்ற வரைக்கும் ஸ்பீடு ஏறிட்டே போகும். கம்பி எத்தனை சுத்து இருக்கோ அந்த அளவுக்கு அந்த எதிர் வோல்டேஜ் கூடும், அதனால சுத்தை ரெண்டு மடங்காக்கினா பாதி ஸ்பீடுலயே அது வந்து நிக்கும். சுத்தைக் குறைச்சா நேர் எதிர், ஸ்பீடு ஏறும், கரண்டும் நிறைய இழுக்கும். ஆனா அதே கம்பியில ரெண்டு மடங்கு சுத்த முடியாது, ஆர்மேச்சர் ஸ்லாட்டுல (கம்பி உக்கார்ற பள்ளம்) இடமே இருக்காது. கம்பி மெலிசாகணும், அதுவும் பாதியா இல்ல, குறுக்குவெட்டுப் பரப்பு தான் பாதியாகணும், அப்போ விட்டத்தை 1.41-ஆல வகுக்கணும்.

இது உண்மையிலேயே இப்படித்தானான்னு பாக்க ஒரு நல்ல வழி இருக்கு. மபூச்சி கம்பெனி மோட்டார் பேரைப் பாருங்க, எஃப்ஏ-130ஆர்ஏ-2270, அப்புறம் 18100, 14150. கடைசியில வர்ற அந்த நம்பர்லயே வைண்டிங் விவரம் இருக்கு, 2270-ன்னா 0.22 மில்லிமீட்டர் கம்பி 70 சுத்து, 18100-ன்னா 0.18-ல 100 சுத்து, 14150-ன்னா 0.14-ல 150. விட்டத்தை ஸ்கொயர் பண்ணி சுத்தால பெருக்கிப் பாருங்க, மூணும் கிட்டத்தட்ட ஒண்ணா வரும், மெலிசாக மெலிசாக மட்டும் கொஞ்சம் குறையும், ஏன்னா மெலிசு கம்பியில எனாமலே அதிக இடத்தை அடைச்சுக்குது. இதைக் கண்டுபிடிச்ச அன்னைக்கு எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

என்னோடது 18100. அப்போ 200 சுத்து, 0.127 மில்லிமீட்டர். டேபிள்ல பாத்தா 0.127-ன்னா 36 கேஜ்னு இருந்துச்சு, 36 கேஜ்னு எழுதியிருந்த ஸ்பூலை வாங்கிட்டேன். மொதல் போல் (ஆர்மேச்சர்ல கம்பி சுத்துற மூணு கைகள்ல ஒண்ணு) சுத்த ஆரம்பிச்சேன், 85 சுத்துக்கே ஸ்லாட் ரொம்பிடுச்சு. நான் தான் லூசா சுத்திட்டேன் போலன்னு பிரிச்சு மறுபடி இழுத்து சுத்தினேன், அப்பவும் அதே 85. அப்புறம் தான் ஒரு பென்சில் மேல 20 சுத்து நெருக்கமா சுத்தி ஸ்கேல் வெச்சு அளந்தேன், நாலு மில்லிமீட்டரைத் தாண்டிடுச்சு. எனாமலோட சேத்து மூணு தான் வந்திருக்கணும்.

விஷயம் என்னன்னா நான் பாத்த டேபிள் ஏடபிள்யூஜி (அமெரிக்க கேஜ்), அவங்க குடுத்தது எஸ்டபிள்யூஜி (பிரிட்டிஷ் கேஜ்). ஏடபிள்யூஜில 36-ன்னா 0.127, எஸ்டபிள்யூஜில அதே 36-ன்னா 0.193, மோட்டார்ல ஏற்கனவே இருந்த கம்பியை விடவே தடிமன். லேபிள்ல வெறும் 36-ன்னு தான் இருக்கு, எந்த ஸ்டாண்டர்டுன்னு ஒரு எழுத்து கூட இல்ல, மில்லிமீட்டரும் இல்ல, ஆன்லைன் பேஜ்லயும் இல்ல. இது எனக்கு நிஜமாவே கோவம் வந்த விஷயம். கம்பி விக்கிறவங்களுக்கு விட்டத்தைப் போடுறதுல என்ன கஷ்டம்? வாங்குறவங்க ஒரு ராத்திரி பூரா உக்காந்து சுத்தினது வீணாகுதே.

எஸ்டபிள்யூஜில எனக்கு வேண்டியது 40, அதாவது 0.122. அதையும் அதே இடத்துல தான் வாங்கினேன், ஏன்னா கம்பி தரம் அவ்ளோ நல்லா இருந்துச்சு. நகத்தால சுரண்டினா எனாமல் உரியல, கூர்மையா மடிச்சாலும் வெடிக்கல. இது பாலியூரித்தேன் டைப், தனியா சுரண்டத் தேவையில்ல, சால்டரிங் அயர்னை 390 டிகிரி கிட்ட வெச்சு ஈயத்தோட ரெண்டு மூணு செகண்ட் புடிச்சா எனாமல் தானா கருகி ஈயம் ஒட்டிக்குது. அந்தப் புகை நல்லதில்ல, ஜன்னலைத் திறந்து வெச்சுக்கோங்க. கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசுற செம்புத் துண்டுகள், ஒவ்வொரு துண்டும் ஒரு செக்மென்ட்) பிளாஸ்டிக் மேல தான் நிக்குது, ரெண்டு மூணு செகண்டுக்கு மேல சூடு காட்டினா செக்மென்ட் நகந்துடும்.

40 ஸ்பூல்ல ஒரே குறை, கம்பி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி சுத்தியிருக்கு. ரெண்டாவது போல்ல 140-வது சுத்து போடும்போது ஸ்பூல்ல மாட்டி டக்குன்னு அறுந்துடுச்சு. நடுவுல ஒட்டுப் போட்டா ஸ்லாட்டுல இடம் போகும், எனாமலும் போகும், அதனால பூரா பிரிச்சு முதல்ல இருந்து சுத்தினேன். அதுக்கப்புறம் ஸ்பூலை ஒரு ஆணியில படுக்கவாட்டுல மாட்டி லேசா உருள விட்டேன், பிரச்சனை வரல. மெலிசு கம்பியில வேகம் வேண்டாம், பத்து பத்தா எண்ணி பேப்பர்ல கோடு போட்டுக்கோங்க. மூணு போலும் ஒரே எண்ணிக்கை, ஒரே திசை. எண்ணிக்கை மாறினா அதிரும், ஒரு போல் திசை மாறினா மோட்டார் சரியா ஓடவே ஓடாது.

மூடுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் வெச்சேன். கம்யூட்டேட்டருக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவுல கனெக்‌ஷன் சுத்தமா இல்ல, அதாவது கோர் (கம்பி சுத்தியிருக்கிற இரும்பு) ஓரத்துல எங்கயும் எனாமல் கிழியல, கம்பிக்கு இதை விடப் பெரிய சர்டிஃபிகேட் வேணாம். செக்மென்ட்டுக்கு செக்மென்ட் முன்னாடி 1.2 ஓம் இருந்துச்சு, இப்போ 5.2, 5.2, 5.3. சுத்து ரெண்டு மடங்கு, பரப்பு பாதிக்கும் கொஞ்சம் கம்மி, அப்போ ரெசிஸ்டன்ஸ் நாலு மடங்குக்கு மேல கொஞ்சம், கணக்கு அப்படியே ஒத்துப் போகுது.

அப்புறம் ரீவைண்ட் பண்ணாத இன்னொரு 18100-ஐ 3 வோல்ட்டுலயும் இதை 6 வோல்ட்டுலயும் பக்கத்துல பக்கத்துல ஓட விட்டேன். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சுதி. பொறி இல்ல, பத்து நிமிஷம் ஓடியும் வெதுவெதுன்னு தான் இருந்துச்சு.

வெறும் ஸ்பீடு கண்ட்ரோல் மட்டும் போதும்னா ஒரு பிடபிள்யூஎம் போர்டு (கரண்டை வேகமா விட்டு விட்டு குடுத்து ஸ்பீடைக் குறைக்கிற சர்க்யூட்) வாங்கிக்கோங்க, இவ்ளோ மெனக்கெட வேணாம். மோட்டாரே அந்த வோல்டேஜுக்குன்னு இருக்கணும்னு நினைக்கிறவங்க தாராளமா இந்தக் கம்பியை வாங்கலாம், ஆர்டர் போடும்போது எத்தனை மில்லிமீட்டர்னு கேட்டு பதில் வந்தப்புறம் போடுங்க. கம்பிக்கு அஞ்சுக்கு அஞ்சு, லேபிளுக்காக ரெண்டு ஸ்டார் குறைச்சிருக்கேன்.

36 ஸ்பூலை திருப்பி அனுப்பல. 0.193-ல 85 சுத்து ஸ்லாட்டுக்குள்ள கச்சிதமா உக்காருது, பழைய 100-ஐ விட கொஞ்சம் ஸ்பீடு ஏறும், அந்த இன்னொரு மோட்டாருக்கு அதைத் தான் சுத்தப் போறேன்.