ஹட்டனில் வர்ண விருதுக் கேடயங்கள்: ஒரு கடையின் வேலை பற்றி

விளையாட்டில் சிறந்து விளங்கும் மாணவர்களைக் கௌரவிக்கும் எங்கள் தொழிற்பயிற்சிக் கல்லூரியின் வர்ண விருது விழாவுக்கு வேண்டிய கிண்ணங்கள், கேடயங்கள், பதக்கங்கள் அனைத்தையும் இம்முறை ஹட்டன் நகரிலேயே, பிரதான வீதியிலிருந்து சற்று உள்ளே இறங்கும் ஒழுங்கையில் உள்ள ஒரு சிறிய கடையில் செய்வித்தோம். கல்லூரியின் விளையாட்டுப் பொறுப்பு என்னிடம் இருப்பதால், பட்டியலைக் கொடுத்ததிலிருந்து பொருட்களைப் பொறுப்பேற்றது வரை எல்லாவற்றையும் நேரில் நின்று பார்த்தேன். மலையகத்தில் இதே பொறுப்பை வகிக்கும் ஆசிரியர்களுக்கும் போதனாசிரியர்களுக்கும் பயன்படும் என்பதால் விரிவாக எழுதுகிறேன். எழுத்துப் பொறிப்பதில் இவர்களைவிடக் கவனமானவர்களை நான் கண்டதில்லை. கிண்ணங்களின் தெரிவில்தான் இவர்கள் இன்னும் முன்னேற வேண்டும்.

கண்டி திரித்துவக் கல்லூரியின் ‘சிங்கம்’ விருதைப் போல நீண்ட மரபு கொண்ட கௌரவங்கள் பெரிய பாடசாலைகளில் உண்டு. அங்கே விருது பெற்றவரின் பெயரைப் பல தலைமுறைகள் நினைவில் வைத்திருக்கும். குறுகிய காலம் படித்து, சான்றிதழுடன் வேலை தேடிப் புறப்படும் எங்கள் மாணவர்களுக்கு அப்படியொரு மரபின் துணை இல்லை. பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ ஒரு லயக் காம்பராவின் சுவரில் மாட்டப்படும் கேடயமே அவர்களுடைய விளையாட்டு வாழ்வுக்கு எஞ்சும் ஒரே எழுத்துச் சான்றாகப் பல வேளைகளில் அமைந்துவிடுகிறது. அதில் பெயர் பிழைத்திருந்தால் அந்தப் பிழையும் அத்தனை வருடங்கள் அங்கேயே தொங்கும். ஆகவே ஒரு விருதுக் கடையை மதிப்பிடும்போது கிண்ணத்தின் உயரத்தையும் மினுக்கத்தையும் பார்ப்பதற்கு முன்னர், அதன் அடிப்பலகையில் இருக்கும் எழுத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தமிழில் பொறிக்கும்போது நேரும் சிதைவுகளை இத்துறையில் இருப்பவர்கள் அனைவரும் அறிவார்கள். கைப்பேசியில் நாம் தட்டும் தமிழ் யுனிகோட் முறையில் அமைந்தது. பல கடைகளில் பொறிக்கும் இயந்திரத்தோடு இணைந்த கணினியிலோ பாமினி போன்ற பழைய எழுத்துருக்களுக்குப் பழகிய மென்பொருள்தான் இருக்கிறது. முறையாக மாற்றாமல் வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலை அப்படியே ஒட்டிவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடும், மெய்யின் புள்ளி தனியே விலகி நிற்கும், ‘தொடரோட்டம்’ என்ற சொல்லை வாசிக்கவே முடியாது. இந்தக் கடையில் ஒவ்வொரு பெயரையும் புதிதாகத் தட்டச்சுச் செய்து, எழுத்தை வரைகோடாக, அதாவது எழுத்துருவைச் சாராத கோட்டு வடிவமாக மாற்றி, கேடயத்தில் வரப்போகும் அதே அளவில் தாளில் அச்சிட்டுத் தருகிறார்கள். அந்தத் தாளில் நாம் கையொப்பமிட்ட பின்னர்தான் லேசர் இயந்திரம் ஓடுகிறது.

அதற்கும் ஒரு படி மேலே போய், பட்டியலோடு நான் முதன்முறை சென்றபோதே கடைக்காரர், “சேர், ஒபிஸ் பட்டியல் வேண்டாம், பிள்ளைகளிடமே பெயரைத் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்” என்றார். கல்லூரிப் பதிவேடு ஆங்கிலத்தில் இருப்பதால் அதிலிருந்து பெயர்களைத் தமிழாக்கும்போது லகரமும் ளகரமும், னகரமும் ணகரமும் இடம் மாறுவது வழக்கம். மாணவர்கள் எழுதித் தந்த தாள்களைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டபோது, பல பெயர்களின் தலையெழுத்தும் நெடில் குறிலும் வேறுபட்டன. வாடிக்கையாளருக்குக் கூடுதல் வேலை கொடுக்கிறோமே என்று தயங்காமல் இதைக் கேட்கும் கடைக்காரரை நான் மனதார மதிக்கிறேன்.

மெய்வல்லுநர் விருதுகளில் பெயரோடு பெறுபேற்றையும் பொறிக்கும்படி கேட்டிருந்தோம். வலல ஏ. ரத்நாயக்க மத்திய கல்லூரியில் பயின்ற தருஷி கருணாரத்ன, 2023ஆம் ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார் என்பது நாடறிந்த செய்தி; அவர் ஓடிய 2 நிமிடம் 3.20 செக்கன் என்ற நேரத்தை இன்று எங்கள் மாணவிகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஓடுபவருக்கு அந்த எண்ணும் பெயருக்கு நிகரானது. ஆனால் எங்கள் மைதானத்தில் நேரம் எடுக்கப்படுவது கையால் அழுத்தி நிறுத்தும் கடிகாரம் கொண்டுதான். கையால் எடுத்த நேரத்தைத் தடகள விதிப்படி அடுத்த பத்திலொரு செக்கனுக்கு உயர்த்தி ஒரு தசம தானத்துடன் எழுத வேண்டும். இரண்டு தசம தானங்கள் முழுத் தன்னியக்க மின்னணுக் கருவி காட்டிய நேரத்துக்கு உரியவை. கடையின் மாதிரித் தாளில் அழகுக்காக எல்லா நேரங்களுக்கும் கடைசியில் ஒரு பூச்சியம் சேர்த்திருந்தார்கள். காரணத்தை விளக்கியதும் மறுபேச்சின்றி அனைத்தையும் திருத்தி, புதிய தாளை அன்று மாலையே தந்தார்கள்.

அணி விருதில்தான் இவர்களுடைய யோசனை எங்களுக்குப் பெரிதும் உதவியது. சிறந்த அணியாகத் தெரிவான எங்கள் வலைப்பந்து அணிக்கு ஒரு பெரிய கிண்ணமும், களமிறங்கிய வீராங்கனைகளுக்குப் பதக்கங்களும் என்றே முதலில் திட்டம் இருந்தது. வலைப்பந்தில் ஒரு நேரத்தில் களத்தில் நிற்பவர்கள் 7 பேர்; அணியிலோ 12 பேர் வரை இருப்பார்கள். வாங்கில் அமர்ந்திருக்கும் ஐந்து பேரும் அதே மழையில், அதே சேற்றில் பயிற்சி செய்தவர்கள். ஒலிம்பிக் போட்டியில் தொடரோட்டத்தின் தகுதிச் சுற்றில் மட்டும் ஓடியவருக்கும், அணி வென்றால், பதக்கம் கிடைக்கிறது. கிண்ணத்தின் உயரத்தைக் குறைத்து, மிச்சமாகும் பணத்தில் பன்னிரண்டு பெயர்களும் கொண்ட சிறு கேடயம் ஒன்றை ஒவ்வொருவருக்கும் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் கடைக்காரரே. பெரிய கிண்ணத்தை விற்றிருந்தால் அவருக்கு இலாபம் கூடியிருக்கும். கல்லூரி அலுவலகக் கண்ணாடி அலுமாரியில் ஒரே கிண்ணமாக நிற்பதைவிட, பன்னிரண்டு வீடுகளில் பன்னிரண்டு கேடயங்களாக அந்த வெற்றி இருப்பதே சரி என்று எங்கள் குழுவும் முடிவு செய்தது.

மூலப்பொருள் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் தென்மேல் பருவக்காற்றின் மாதங்களில் ஹட்டன் பக்கத்து ஈரம் எதையும் விட்டுவைப்பதில்லை. அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த அடிப்பாகம் நீரை உறிஞ்சி ஓரங்களில் ஊதும். ஒட்டுத்தாள் எழுத்து மூலையிலிருந்து சுருளும். கிண்ணத்தை அடியோடு பிணைக்கும் இரும்பு ஆணி துருப்பிடித்து மேற்பூச்சிலும் கறை படியும். இங்கே கேடயங்களுக்கு அக்ரிலிக் தகட்டைப் பயன்படுத்தி, அதன் பின்புறத்தில் லேசரால் எழுத்தைப் பொறித்திருக்கிறார்கள். முன்பக்கம் வழுவழுப்பாக இருப்பதால் துணியால் துடைத்தாலும் எழுத்து தேயாது. பலகைக் கேடயங்களுக்கும் பின்பக்கத்தில் மெருகு பூசியிருந்தார்கள். பார்வைக்கு வராத இடத்தில் செய்யப்பட்ட அந்த வேலையை நான் திருப்பிப் பார்த்தே அறிந்தேன்.

இனிக் குறைகள். கிண்ணங்களின் மேல் வைக்கும் உருவங்களில் பெண் விளையாட்டு வீரருக்கு உரியவை மிகச் சொற்பம். ஓட்டத்துக்கும் கரப்பந்துக்கும் ஆண் உருவங்களே இருந்தன. ‘வலைப்பந்து’ என்று எடுத்துக் காட்டிய உருவத்தில் வளையத்துக்குப் பின்னால் பலகை இருந்தது. வலைப்பந்துக் கம்பத்தில் பலகை கிடையாது என்பது அந்த விளையாட்டின் அடிப்படை. ஆகவே அது கூடைப்பந்து உருவம் என்பதில் ஐயமில்லை. கொழும்பிலிருந்து மொத்தமாக வருவதைத்தான் விற்கிறோம் என்ற விளக்கம் நியாயமானதாக இருந்தாலும், தோட்டப் பகுதிகளில் வலைப்பந்து ஆடும் பெண்பிள்ளைகள் இத்தனை பேர் இருக்கும்போது இந்தக் குறையை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. இறுதியில் அவர்களே அக்ரிலிக் தகட்டில் கம்பத்தையும் வளையத்தையும் வெட்டிப் பொருத்தித் தந்தார்கள். வெட்டிய விளிம்பு ஓரிரு இடங்களில் கரடுமுரடாக இருந்தது; ஆயினும் அது வலைப்பந்துதான் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

பதக்கங்கள் சாதாரணமானவை, நாடாவின் சாயம் ஈரத்தில் சற்று இளகுகிறது. விலை, போக்குவரத்துச் செலவையும் சேர்த்துப் பார்த்தால், வெளியூரில் செய்விப்பதற்கு ஏறக்குறையச் சமமாகவே வந்தது. விலைமனுவை எழுத்தில் தருவதற்கு இவர்கள் சுணங்குகிறார்கள். கல்லூரிக் கணக்குப் பகுதிக்கு அது கட்டாயம் தேவை என்பதால் முதல் நாளே வற்புறுத்தி வாங்கிக்கொள்வது நல்லது. வருடத்தின் முதல் தவணையில் பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகள் அடுத்தடுத்து வருவதால் கடையில் நெரிசல் அதிகம். விழா அந்தக் காலத்தில் வருமானால் பெயர்ப் பட்டியலை டிசம்பர் விடுமுறைக்கு முன்னரே கொடுத்து, மாதிரித் தாளை மாணவர்கள் ஒவ்வொருவரிடமும் காட்டிக் கையொப்பம் பெற்ற பின்னர் பொறிக்கச் சொல்லுங்கள்.