நெகட்டிவின் நான்கு மூலைகளும் தெளிய: லென்ஸ் தேர்வும் நேர்நிறுத்தமும்

சில ஆண்டுகளாக ஃபிலிம்களை ஸ்கேனரில் இடாமல், ஒரு தாங்கியில் தட்டையாக வைத்து மேலிருந்து கேமராவால்தான் படியெடுத்து வருகிறேன். வீட்டில் சேர்ந்திருந்த 35 மி.மீ. கலர் நெகட்டிவ்கள், ஸ்லைடுகள், ஊட்டியில் இயங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ கறுப்பு வெள்ளைச் சுருள்கள் எனப் பலவும் என் மேசையைக் கடந்துவிட்டன. கறுப்பு வெள்ளைக்கு ஸ்கேனரை விட்டதில் எனக்கு வருத்தமே இல்லை. அகச்சிவப்பு ஒளியால் தூசியை நீக்கும் ஸ்கேனர் வசதி, வெள்ளித் துகள்களால் ஆன ஃபிலிமில் எப்படியும் வேலை செய்யாது.

லென்ஸிலிருந்து தொடங்குகிறேன். ஃபுல் ஃபிரேம் சென்சாரும் 35 மி.மீ. நெகட்டிவும் ஒரே அளவு: 36×24 மி.மீ. ஆகவே 1:1 உருப்பெருக்கம், அதாவது நெகட்டிவின் அதே அளவில் சென்சாரில் உருவம் விழுவது, தேவை. அதைவிடச் சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவுக்கு ஏறத்தாழ 0.65 போதும். ‘மேக்ரோ’ என்று பொறித்த ஜூம் லென்ஸ்கள் பல 1:3 அல்லது 1:4 வரைதான் போகும், அவற்றை ஒதுக்கிவிடுங்கள். உருப்பெருக்கம் மட்டும் இருந்தாலும் போதாது. ஃபிலிம் தட்டையானது, லென்ஸின் ஃபோகஸ் பரப்பும் தட்டையாக இருக்க வேண்டும்.

நான் பயன்படுத்துவது நிக்கானின் பழைய 55 மி.மீ. எஃப் 2.8 மைக்ரோ-நிக்கோர். தனியாக 1:2 வரை போகும்; பிகே-13 என்ற 27.5 மி.மீ. நீட்டிப்புக் குழாயைச் சேர்த்தால் 1:1. 35 மி.மீ.-ஐவிட அகலமான 120 சுருளின் சதுர நெகட்டிவுக்குக் குழாயே வேண்டாம். பழைய லென்ஸ் வாங்குபவர்கள் டார்ச் வெளிச்சத்தில் உள்ளே பூஞ்சை இருக்கிறதா, ஒளி புகும் துவாரத்தைத் திறந்து மூடும் தகடுகளில் எண்ணெய் படிந்திருக்கிறதா என்று பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். நம் கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்துக்கு இது கட்டாயம்.

நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் அச்சிடும் என்லார்ஜர் கருவியின் லென்ஸ்களையும் முயன்றேன். அவை தட்டையான நெகட்டிவைத் தட்டையான தாளில் விழவைக்க உருவானவை என்பதால் ஆசை காட்டும். ஆனால் வழக்கமான 50 மி.மீ. என்லார்ஜர் லென்ஸ், பல மடங்கு பெரிதாக்குவதற்கென வகுக்கப்பட்டது. 1:1-இல் ஓரங்கள் தளர்கின்றன. 1:1-க்கென்றே வகுத்த ரோடன்ஸ்டாக் அப்போ-ரோடகான் டி 75 மி.மீ. விதிவிலக்கு.

லென்ஸின் துவாரத்தை, அதாவது அப்பர்ச்சரை, எஃப் 5.6-க்கும் 8-க்கும் இடையில் வைக்கிறேன். 1:1-இல் எஃப் 8 என்பது நடைமுறையில் எஃப் 16-ஆகிவிடுகிறது. அதற்கும் மேல் மூடினால் சிறு துவாரத்தில் ஒளி சிதறும் விளிம்புவிலகலில் ஃபிலிம் துகள்களின் கூர்மை கரைகிறது. ஃபோகஸையும் அதே அப்பர்ச்சரில்தான் பார்க்க வேண்டும், படத்தில் உள்ள முகத்தை வைத்து அல்ல, துகள்களை வைத்து.

ஆனால் என் படங்களை உண்மையில் மாற்றியது லென்ஸ் அல்ல, நேர்நிறுத்தம், அதாவது சென்சாரையும் ஃபிலிமையும் இணையாக நிறுத்துவது. சென்சாரும் ஃபிலிமும் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால், 36 மி.மீ. அகலத்தில் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் 0.63 மி.மீ. வேறுபாடு வருகிறது. 1:1-இல் எஃப் 8 தரும் கூர்மை ஆழம் (முன்னும் பின்னும் கூர்மையாகத் தெரியும் தூரம்) கண்டிப்பாக அளந்தால் அதில் பாதிதான். ரசமட்டக் குமிழியை நம்பி இந்தச் சாய்வைப் பிடிப்பது கடினம். கேமராவின் பின்திரை சென்சாருக்கு இணையாக இருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை.

முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றே போதும். ஃபிலிம் படியும் இடத்தில் அதைப் படிய வையுங்கள். கேமராவில் கட்டக்கோடுகளை இயக்கி, லென்ஸின் பிரதிபலிப்பு தெளியும்வரை ஃபோகஸை விலக்குங்கள். அந்த வட்டம் சட்டகத்தின் நட்டநடுவில் நின்றால் இரண்டும் இணை. லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் 10 செ.மீ. இடைவெளி என்றால் ஒரு டிகிரி பிழை, பிரதிபலிப்பை ஏறத்தாழ 3.5 மி.மீ. தள்ளிக் காட்டிவிடும், கண்ணுக்குத் தப்பாது. ஃபிலிம் தாங்கியின் கால்களுக்கடியில் மெல்லிய தாள்களைச் செருகியே சரிசெய்கிறேன். நெகட்டிவ் அளவை மாற்றும்போதெல்லாம், அதாவது கேமராவை ஏற்றி இறக்கும்போதெல்லாம், மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

அதற்குப் பிறகும் மூலை மங்கினால் காரணத்தைப் பிரித்தறியலாம். ஃபோகஸை நகர்த்தியதும் மங்கிய ஓரம் தெளிந்து எதிர் ஓரம் மங்கினால் சாய்வு. நான்கு மூலைகளும் சேர்ந்து தெளிந்து நடுப்பகுதி மங்கினால், லென்ஸின் ஃபோகஸ் பரப்பு வளைந்திருக்கிறது, அல்லது ஃபிலிம் வளைந்திருக்கிறது. எப்படி நகர்த்தினாலும் ஒரே மூலை மட்டும் தெளியவில்லையென்றால் லென்ஸின் உள்வில்லை மையம் விலகியிருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது. ஃபிலிமைத் தாங்கியோடு சேர்த்துத் திருப்பாமல், ஃபிலிமை மட்டும் 180 டிகிரி திருப்பிப் பாருங்கள். மங்கல் ஃபிலிமோடு சேர்ந்து இடம் மாறினால் லென்ஸையும் தாங்கியையும் குறை சொல்ல வேண்டியதில்லை.

35 மி.மீ. ஃபிலிமில் இப்போது மூலைவரை துகள் தெரிகிறது. பழைய 120 சுருள்களின் சுருட்டலுக்குத்தான் எனக்கு இன்னும் முழுத் தீர்வு இல்லை. கனமான புத்தகங்களுக்கடியில் சில வாரம் வைத்தால் ஓரளவு அடங்குகின்றன. சாதாரணக் கண்ணாடியால் அழுத்தினால் ஃபிலிமும் கண்ணாடியும் தொடும் இடத்தில் நியூட்டன் வளையங்கள் எனும் வானவில் நிற வளையங்கள் விழுகின்றன. சொரசொரப்பான தனிக் கண்ணாடியை ஃபிலிமின் பளபளப்பான பக்கத்தில் மட்டும் வைத்து இப்போது சோதித்து வருகிறேன்.